இரண்டு தழும்பும் ஒரு இரண்டு ரூபாய் நோட்டும்

2025 ஜனவரியில் நம்ம மேலக்காட்டுவிளை நாராயணன் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற வாரம், நாகர்கோவில் வேப்பமூடு பூங்காவில் கூடும் எங்கள் சாயங்காலக் கூட்டத்துக்கு ஒருவர் ஒரு கிலோ லட்டு வாங்கி வந்திருந்தார். 2018-இல் சரக்கல்விளை சிவன் தலைவரானபோதும் இதே பெஞ்சில் இப்படித்தான் லட்டு வந்தது. இடையில் ஒரே ஒருவர் விட்டு, ஒரே சின்ன மாவட்டத்திலிருந்து இரண்டு பேர். இரண்டு பேரும் தமிழ் வழியில் படித்தவர்கள். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

லட்டைப் பிட்டு வாயில் போட்ட கையோடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நண்பர் ஒருவர் ஆரம்பித்தார்.

"லட்டு நல்லாத்தான் இருக்கு வே. ஆனா நேத்து ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவுல மூணு மணிக்கூர் நின்னேன். உக்கார ஒரு ஸ்டூல் இல்ல. ராக்கெட்டுக்குக் கொட்டுத காசுல பாதியைக் கொண்டு அங்க போட்டா என்ன? நீரு கருவூலத்துல இருந்த ஆளுதானே, சொல்லும்."

கூட்டம் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தாறு வருடம் கருவூலத்தில் பில் பார்த்தவன். கணக்கு விஷயத்தில் வாய்ச்சண்டை போடக் கூடாது என்பது பழக்கமாகிவிட்டது. எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

முதலில் நண்பரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024–25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,000 கோடி ரூபாய். மத்திய சுகாதார அமைச்சகத்துக்குச் சுமார் 91,000 கோடி. மாநிலங்கள் செலவழிப்பது இதற்கு மேல். நண்பர் சொன்னபடி விண்வெளியில் பாதியை எடுத்து 140 கோடிப் பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 46 ரூபாய் வரும். ஒரு மசால் தோசைக்குக் காணாது. ஆகவே அந்தக் கணக்கு நிற்காது.

ஆனால் அவர் மூன்று மணி நேரம் நின்றது நிஜம். 2017-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் இரண்டரை சதவீதம் அரசின் சுகாதாரச் செலவாக இருக்க வேண்டும் என்றது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர். அதை 2025-க்குள் ஒழித்துவிடுவோம் என்றோம், அதுவும் நடக்கவில்லை. ஆசாரிபள்ளத்தை 'டி.பி. ஆஸ்பத்திரி' என்று சொல்லி வளர்ந்த தலைமுறை நாம். இன்று அங்கே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோயும் இருக்கிறது.

அப்படியானால் ராக்கெட்டு எதைத்தான் எடுத்துக்கொள்கிறது? இதற்குப் பதில் தேடி நான் போகிற இடம் 1974 மே மாதம்.

அப்போது தக்கலை சார் கருவூலத்தில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மே 18, சனிக்கிழமை. ராஜஸ்தான் பாலைவனத்தில் போக்ரான் என்ற இடத்தில், காலை 8 மணி 5 நிமிடத்துக்கு, பூமிக்கடியில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அமைதி வழிக்கான வெடிப்பு என்று அரசு சொன்னது. எங்கள் ஆபீசுக்கு எதிரே இருந்த சாயாக்கடை ரேடியோவில் செய்தி வந்தபோது கடைக்காரர் எல்லாருக்கும் காசில்லாமல் சாயா கொடுத்தார். அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, அடுத்து நாம். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் என் அத்தை இருந்தாள். அப்பாவின் மூத்த அக்கா. அவளுக்குப் பன்னிரண்டு வயதில், திருவிதாங்கூர் காலத்தில், அம்மை வார்த்தது. நாம் பெரியம்மை என்கிறோமே, அதுதான். வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, முத்தாரம்மனுக்கு நேர்ந்து, தாத்தா செய்ய முடிந்ததெல்லாம் செய்தார். உயிர் தங்கியது. இடது கண் போயிற்று. முகமெல்லாம் குழி. கலியாணம் நடக்கவில்லை. எங்களை வளர்த்ததெல்லாம் அவள்தான்.

நான் குண்டுச் செய்தியைச் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேரு செத்தா மக்களே?"

"யாரும் சாகல்ல அத்தை. சும்மா வெடிச்சுப் பாத்தது."

"ம்," என்றாள். திரும்பப் புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த மே மாதத்தில் நாட்டில் இன்னும் இரண்டு பெரிய காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று, ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தம். அது நம்மைத் தொடவே இல்லை. நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல்தானே. இன்னொன்று, அது எனக்கு அப்போது சரியாகத் தெரியாது, பேப்பரில் உள்பக்கத்தில் எங்கேயோ வந்திருக்கும், பீகாரில் பெரியம்மை. 1974-ஆம் வருடம் இந்தியாவில் 1,88,003 பேருக்குப் பெரியம்மை கண்டது. 31,262 பேர் செத்துப்போனார்கள். அந்த வருடம் உலகம் முழுக்கக் கண்ட பெரியம்மையில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இந்தியாவில். அதிலும் பெரும்பங்கு பீகார். மே மாதம்தான் உச்சம். குண்டு வெடித்த அன்று பீகார்க் கிராமங்களில் எத்தனை வாசலில் வேப்பிலை தொங்கியிருக்கும் என்று பிற்பாடு நினைத்துப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார்கள். நமக்கு அது குத்திக்காட்டலாகப் பட்டது. குத்திக்காட்டல்தான். ஆனால் பொய் இல்லை.

நம்ம பக்கம் அந்த நோய் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. தமிழ்நாட்டில் 1960-களின் கடைசியிலேயே நோய் கண்ட வீட்டைத் தேடிப் பிடித்து, சுற்றியுள்ளவர்களுக்கு மட்டும் உடனே குத்தி மறிக்கும் முறையைச் செய்து காட்டிவிட்டார்கள். சென்னை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் ஏ. ஆர். ராவ் போன்றவர்கள் இந்த நோயைக் கரைத்துக் குடித்தவர்கள். எல்லாருக்கும் குத்துவது என்ற 1962-ஆம் வருடத்து தேசியத் திட்டம் வடக்கே திணறியதற்குக் காரணம், எண்ணிக்கைக்காகக் குத்தியது. பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஒரே இடத்தில் நூறு பிள்ளைகள் கிடைப்பார்கள். ஏற்கெனவே குத்தியவர்களுக்கே திரும்பத் திரும்பக் குத்திக் கணக்கு எழுதினார்கள். ஆற்றங்கரைக் குடிசைக்கும் ரயிலடிப் பிச்சைக்காரருக்கும் ஊசி போகவில்லை.

1974 மே மாதம் பாட்னாவில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி, அங்கே இருந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபீகி பிறகு எழுதியிருக்கிறார். நோயைத் துரத்திப் பிடிக்கும் முறை தோற்றுவிட்டது, பழையபடி எல்லாருக்கும் குத்துவோம் என்று மாநில சுகாதார அமைச்சர் முடிவெடுக்க இருந்தார். அப்போது பின்னாலிருந்து ஓர் இளம் இந்திய டாக்டர் எழுந்து, எங்கள் கிராமத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அந்த வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், ஊரில் உள்ள எல்லா வீட்டிலும் ஊற்றமாட்டோம் என்ற பொருள்படப் பேசினாராம். அமைச்சர் இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அந்த ஒரு மாதத்தில் திசை திரும்பியது.

அதற்குப் பின் நடந்தது சாதாரணக் காரியம் இல்லை. மத்திய சுகாதார அமைச்சர் கரண் சிங் முதல் கிராமத்து ஊழியர் வரை ஒரே குறி. ஜீப் கிடைத்தது. பெட்ரோல் தட்டுப்பாடு இருந்த காலத்திலும் ஜீப்புக்குப் பெட்ரோல் கிடைத்தது. ஸ்வீடன் பணம் கொடுத்தது. ஜாம்ஷெட்பூரிலிருந்து ரயிலேறிப் போனவர்கள் மூலம் நோய் நாலாபக்கமும் பரவுகிறது என்று தெரிந்ததும் டாடா நிறுவனம் ஆளும் வண்டியும் கொடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பத்துக் கோடி வீடுகளின் கதவைத் தட்டினார்கள். நோய் கண்ட வீட்டுக்கு இரவும் பகலும் காவல் போட்டார்கள். துப்புச் சொன்னவர்களுக்குப் பரிசு.

1975 மே 17. பீகார், கடிஹார் மாவட்டம், பச்சேரா கிராமம். இந்திய மண்ணிலேயே பரவிக் கண்ட கடைசிப் பெரியம்மை அதுதான். போக்ரான் வெடிப்புக்கு ஒரு வருடம் தேய ஒரு நாள் குறைவு. ஒரு வாரம் கழித்து அஸ்ஸாம் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் சைபான் பீபி என்ற பெண்ணைக் கண்டுபிடித்தார்கள். பங்களாதேஷின் சில்ஹெட் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் இல்லை. ஆகஸ்ட் 15 அன்று பெரியம்மையிலிருந்தும் விடுதலை என்று டெல்லியில் கொண்டாடினார்கள். ஆயிரக்கணக்கான வருடத்து நோய், உச்சத்திலிருந்து ஒரே வருடத்தில் சுழியம்.

அதே 1975-இல், ஏப்ரல் 19 அன்று, ரஷ்யாவின் கபுஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து நம் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா போயிற்று. பிறகு வந்த இரண்டு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அதன் படத்தைப் போட்டார்கள். கருவூலத்தில் புது நோட்டுக் கட்டைப் பிரித்தால் மை வாசனையோடு ஆர்யபட்டா. எத்தனை ஆயிரம் தடவை எண்ணியிருப்பேன். பெரியம்மை ஒழிந்தது எந்த நோட்டிலும் வரவில்லை. நோட்டில் போடுவதற்கு அதற்குப் படம் ஏது? ஒன்று இல்லாமல் போனதை எப்படி வரைவது?

ஆனால் அது நம் தோளில் வரைந்திருக்கிறது. அறுபது வயது தாண்டியவர்கள் சட்டைக் கையைத் தூக்கிப் பாருங்கள். எனக்கு இடது கையில் இரண்டு வட்டத் தழும்பு உண்டு. பின்னால் வந்த கவட்டை ஊசி இல்லை, பல் வைத்த சின்னச் சக்கரம் மாதிரி ஒன்றைத் தோலில் வைத்துத் திருகுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு 'அம்மை குத்துகவர்' வருகிறார் என்றால் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடுவோம்.

இப்போது செலவுக்கு வருகிறேன். போக்ரான் சோதனைக்கு 32 லட்சம் ரூபாய் ஆயிற்று என்று அரசு கணக்குச் சொன்னது. கணக்குக்காரன் கண்ணுக்கு இது சிரிப்பு. உலையும் புளூட்டோனியமும் விஞ்ஞானிகள் சம்பளமும் வேறு கணக்குத் தலைப்பில் போயிருக்கும், குழி வெட்டிய கூலியும் கம்பிச் செலவும் இந்தத் தலைப்பில். இருக்கட்டும். எப்படிக் கூட்டினாலும், குண்டுக்குப் போன பணம் இல்லாததால்தான் பீகாரில் பிள்ளைகள் செத்தார்கள் என்று எனக்கு நிரூபிக்க முடியாது. பெரியம்மையை ஒழிக்கப் பெரும்பணம் தேவைப்படவே இல்லை. உலகம் முழுக்க, 1967-இலிருந்து முடிகிறவரை, எல்லா நாட்டுச் செலவும் சேர்த்து சுமார் 30 கோடி டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு நம்மைப் போன்ற நோயுள்ள ஏழை நாடுகளே போட்டவை. மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய அப்பல்லோ திட்டத்துக்கு அமெரிக்கா செலவழித்தது 2,500 கோடி டாலர். எண்பதில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவில் மனித குலத்தின் பழம்பகை ஒன்று தீர்ந்தது.

இதில் ஒரு விசேஷம், சந்திரனுக்குப் போட்டி போட்ட இரண்டு பேரும் அம்மைக்குக் கூட்டாளிகள். 1958-இல் மினியாபோலிஸ் நகரில் கூடிய உலக சுகாதாரப் பேரவையில், பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிப்போம் என்று முதலில் சொன்னவர் சோவியத் நாட்டின் விக்டர் ஜ்தானோவ். ஸ்புட்னிக் பறந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். ரஷ்யர்கள் கோடிக்கணக்கான டோஸ் உலர் மருந்தைச் சும்மா கொடுத்தார்கள், நமக்குத்தான் அதில் பெரும்பங்கு. திட்டத்தை ஜெனீவாவில் நடத்தியவர் அமெரிக்கர் டி. ஏ. ஹென்டர்சன். 1980 மே 8 அன்று, உலகத்தில் பெரியம்மை இல்லை என்று அறிவித்தார்கள். குத்துவதை நிறுத்தியதால் மிச்சமாகும் பணத்தைக் கணக்குப் பார்த்தால், தான் போட்ட முதல் முழுவதையும் அமெரிக்கா 26 நாளுக்கு ஒரு தடவை திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். எந்த பாங்கு இந்த வட்டி தரும்? நாங்கள் பூங்காவில் லட்டுத் தின்ற அதே 2025 ஜனவரியில்தான், 20-ஆம் தேதி, உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுகிறோம் என்று அந்த நாட்டு அதிபர் கையெழுத்துப் போட்டார். அங்கேயும் பூங்காவில் யாராவது லட்டுத் தின்றிருப்பார்கள்.

பேருக்காகச் செலவு செய்வது குடியரசு வந்தபிறகு வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். நம்ம திருவிதாங்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடத்துக்கு ஒருமுறை பத்மநாப சுவாமி கோவிலில் 56 நாள் முறைஜபம். ராஜா தன் எடைக்கு எடை பொன் தூக்கித் தானம் செய்யும் துலாபாரம். பொன் பாத்திரத்துக்குள் இறங்கி மறுபிறப்பாக வெளியே வரும் ஹிரண்யகர்ப்பம். நாஞ்சில் நாட்டு வயல் வரியில் எத்தனை கோட்டை நெல் அந்தப் பொன்னாக மாறியதோ. ஆனால் அதே சமஸ்தானம்தான் 1813-இல், கௌரி லட்சுமி பாயி ராணியின் காலத்தில், அம்மை குத்தும் இலாகாவைத் தொடங்கியது. ஜென்னர் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டுப் பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது. 1879-இல் அரசு ஊழியர், பள்ளி மாணவர், சிறைக்கைதி எல்லாரும் குத்திக்கொண்டே ஆக வேண்டும் என்று விளம்பரம் போட்டார்கள். ஆக ஹிரண்யகர்ப்பமும் அம்மைகுத்தும் ஒரே கஜானாவிலிருந்துதான் வந்தன. ஒன்றை நிறுத்தினால்தான் மற்றது என்ற பேச்சு அப்போதும் இல்லை. எந்தக் காரியத்துக்கு ராஜாவே நேரில் வந்து நிற்கிறார், எதற்குக் கடைசிப் பிள்ளைமாரை அனுப்புகிறார் என்பதில்தான் விஷயம். என் அத்தைக்கு அம்மை வந்தது அந்த இலாகா தொடங்கி நூற்றிருபது வருடத்துக்குப் பிறகு. இலாகா இருந்தது. அவள் இருந்த தெருவுக்கு அந்த வருடம் ஆள் வரவில்லை.

வரிசையைப் பற்றிப் பேசும்போது நெய்யூரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. நம் அப்பா அம்மாக்களுக்கு வயிற்றில் கத்தி வைத்த சோமர்வெல் டாக்டர், எவரெஸ்டு ஏறப்போன ஆள். 1922-இல் மல்லோரியோடு போன ஆங்கிலேயக் கூட்டத்தில் ஒருவர். அன்று எவரெஸ்டு பிரிட்டிஷாருக்கு இன்றைய சந்திரன் மாதிரி. அந்த வருடம் பனிச்சரிவில் ஏழு சுமைக்காரர்கள் செத்தார்கள். திரும்பும் வழியில் ஊர் பார்க்கத் தெற்கே வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு அறுவை டாக்டர், வெளியே முடிவில்லாமல் காத்துக் கிடக்கிற சனம், இதைப் பார்த்தார். லண்டனில் கிடைக்க இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். அப்புறமும் 1924-இல் எவரெஸ்டுக்குப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். 28,000 அடி வரை ஏறி, தொண்டை அடைத்துச் சாகப் பார்த்துத் திரும்பினார். மலை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மலையிலிருந்து இறங்கியபின் எங்கே போய் உட்கார்ந்தார் என்பதைத்தான் நாம் பார்க்கிறோம்.

ஒக்கியையும் நினைத்துக்கொள்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் புயல் வந்தபோது வானத்தில் நம் செயற்கைக்கோள்கள் இருந்தன, மேகத்தின் படமும் இறங்கிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பிள்ளைகள் ஆழ்கடலில். 36,000 கிலோமீட்டர் மேலேயிருந்து தரைக்கு வந்த சேதி, தரையிலிருந்து படகுக்குப் போகவில்லை. பிற்பாடுதான் படகுகளுக்குக் கருவி கொடுக்கத் தொடங்கினார்கள்.

இதுவரை ஊரார் கதை. இனி என் கதை ஒன்று. இதை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

1980-களின் பின்பகுதி. நான் ஒரு சார் கருவூலத்தில் கணக்கர். எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி என்ற திட்டம் தொடங்கிய சமயம். மார்ச் மாதக் கடைசி வாரம் என்றால் கருவூலத்தில் சாப்பிட நேரமிருக்காது. 31-ஆம் தேதி ராத்திரிக்குள் பாஸ் ஆகாத பில்லுக்கு ஒதுக்கீடு காலாவதி. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பில் வந்தது. தடுப்பு மருந்து வைக்கிற ரெப்ரிஜிரேட்டர் பழுது பார்த்த செலவு, ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. இணைப்பு ரசீதில் ஒரு இடத்தில் மேலொப்பம் இல்லை. ஆட்சேபணை எழுதித் திருப்பினேன். விதிப்படி சரி. கொண்டுவந்த ஊழியர் வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். டாக்டர் லீவில் இருந்திருக்கிறார். கையெழுத்தோடு பில் திரும்ப வரவில்லை.

அன்று சாயங்காலமே இன்னொரு பில். ஒரு பெரிய மனிதர் வந்துபோனதற்கான பந்தல், வளைவு, பூ, நாதஸ்வரம். அந்தப் பில்லிலும் இரண்டு ரசீதில் குறை இருந்தது. அதைவிட மோசமான குறை. மேலேயிருந்து போன் வந்தது. 'சரிசெய்து பிறகு தருவார்கள், பாஸ் பண்ணும்.' பண்ணினேன். எழுந்து நின்றுகொண்டே பண்ணினேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

பழுது பார்த்தவருக்குப் பணம் போகவில்லை என்பதால் அடுத்த தடவை அவர் வரவில்லை. அந்த வெயில் காலம் முழுக்கப் பக்கத்து நிலையத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மருந்து வாங்கிச் சமாளித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த வட்டாரத்தில் எந்தப் பிள்ளைக்காவது மணல்வாரி வந்ததா, ஊசி தவறியதா, நான் விசாரிக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாயிருந்தது.

பட்ஜெட்டில் அந்த வருடம் தடுப்பூசிக்குப் பணம் இருந்தது. போதிய அளவு இருந்தது. பந்தலுக்கு வைத்த பணம் ரெப்ரிஜிரேட்டரின் பணம் இல்லை, வேறு தலைப்பு. ஒரு பைசாவும் இங்கிருந்து அங்கே போகவில்லை. வரிசையில் பந்தல் முன்னால் போயிற்று, அவ்வளவுதான். பெருமைக்குரிய காரியத்துக்காகப் போன் செய்ய ஆள் இருக்கிறது. ராக்கெட்டில் ஒரு திருகாணி குறைந்தால் டெல்லிவரை தூக்கம் போய்விடும். ரெப்ரிஜிரேட்டரில் கம்ப்ரசர் நின்றால் கம்பவுண்டர் ஒருவருக்குத்தான் தெரியும். 1974 ஜூனிலிருந்து ஒரு வருடம் மட்டும் பீகார்க் குடிசையின் காய்ச்சலுக்கு டெல்லி தூக்கம் விட்டது. அந்த ஒரு வருடத்தில் நோயே போய்விட்டது.

இதைத்தான் தலைமையாசிரியரிடம் பூங்காவில் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. "நீரு சுத்தி வளச்சு ராக்கெட்டுக்காரனுக்கே பேசுதீரு," என்றார். "என் ஸ்டூல் எங்க வே?" அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஸ்டூல் வாங்கும் பில் யார் மேசையில் கிடக்கிறதோ.

அத்தையைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். 1975-க்குப் பிறகும் இரண்டு வருடம், நோய் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று நாடு முழுக்கத் தேடினார்கள். காட்டிக்கொடுத்தால் 1000 ரூபாய் பரிசு என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஊழியர்களின் பயணப்படி பில்கள் என் மேசைக்குத்தான் வரும். பத்து ரூபாய், பன்னிரண்டு ரூபாய். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். கையில் ஓர் அட்டை, அதில் மேலெல்லாம் அம்மை முத்து போட்ட ஒரு குழந்தையின் படம். இப்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

அத்தை அட்டையை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னையக் காட்டிக் குடுத்தா ஆயிரம் ரூவா கிட்டுமா பிள்ளே?" என்றாள்.

"அது பழசு பாட்டி," என்று அவர் சிரித்தார்.

"சரி, இந்தப் பிள்ள பிழச்சுதா?"

அவருக்குத் தெரியவில்லை. எந்த ஊர்க் குழந்தை என்றே தெரியாது என்றார். அத்தை முந்தானையால் அட்டையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.